கத்தியில் இல்லாத பெயர்கள்

எனது தங்கையின் மகன் ஒசாக்காவில் பொறியியலாளராகப் பணியாற்றுகிறார். 2018ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அவரிடம் போயிருந்தேன். ஊர் திரும்புவதற்கு இரண்டு நாட்களுக்கு முன்னர், மாமிக்கென்று சொல்லி ஒரு கத்தியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கையில் தரவில்லை. எங்கள் வீட்டுப் பழக்கம் அது. கத்தியைக் கைக்குக் கை மாற்றினால் பகை வரும் என்று எனது தாயார் சொல்லி வளர்த்த பிள்ளைகள் நாங்கள். யப்பானிலும் ஏறத்தாழ இதே அச்சம் சிலரிடம் உண்டாம். கத்தி உறவை வெட்டிவிடும் என்று நினைப்பவர்கள், பெறுபவரிடமிருந்து ஐந்து யென் நாணயம் ஒன்றை வாங்கிக்கொள்வார்களாம். ‘கோ என்’ என்றால் ஐந்து யென். உறவு, தொடர்பு என்ற பொருள் தரும் சொல்லுக்கும் அதே ஒலி. நானும் ஒரு நாணயத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தேன்.

கத்தி ‘தெபா’ என்ற வகையைச் சேர்ந்தது. மீன் வெட்டுவதற்கென்றே அமைந்தது. முதுகு தடித்திருக்கும். வாய் ஒரு பக்கம் மட்டுமே சாய்வாகத் தீட்டப்பட்டிருக்கும்; மறுபக்கம் பார்வைக்குத் தட்டையாகத் தோன்றினாலும் நடுவில் மெல்லிய குழிவு இருக்கும். வெட்டிய துண்டு அலகில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அது உதவும். பிடி ‘ஹோ’ எனப்படும் மரத்தினாலானது, மக்னோலியா இனம். பிடியின் கழுத்தில் எருமைக் கொம்பு வளையம். அலகில் யப்பானிய எழுத்துகள் உளியால் பொறிக்கப்பட்டிருந்தன.

“இதுதான் இதை அடிச்ச கொல்லரின்ர பெயரோ?” என்று கேட்டேன்.

“இல்லை மாமா, அது வித்த கடையின்ர பெயர்.”

“அப்ப அடிச்சவரின்ர பெயர்?”

“அது வழமையாப் போடமாட்டினம்.”

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகைத் தொழிலில் கிடந்தவனுக்கு இந்தப் பதில் உறுத்தியது. பெயர் போடுவதும் போடாமல் விடுவதும் எங்கள் தொழிலில் பாதிச் சண்டைக்குக் காரணம். எனது முகத்தைப் பார்த்துவிட்டு, மறுநாள் அந்தக் கத்தி பிறந்த ஊருக்கே என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

ஊரின் பெயர் சக்காய். ஒசாக்காவிலிருந்து பழைய டிராம் வண்டியிலேயே போய்விடலாம். ஒரு காலத்தில் செல்வம் கொழித்த துறைமுகம். தேநீர்ச் சடங்கின் பேராசானாகப் போற்றப்படும் சென் நோ ரிக்கியூ பிறந்த இடம். இன்று ஒசாக்காவின் தொடர்ச்சியாகவே தெரிகிறது. கம்மாலைகள் எங்கோ காட்டோரத்தில் இருக்கும் என்று எண்ணியிருந்தேன். வீடுகளுக்கிடையே, வீடுகளைப் போலவே அவை இருந்தன.

நான் அங்கே விளங்கிக்கொண்ட முதல் விடயம், சக்காய்க் கத்தியை ஒருவர் செய்வதில்லை என்பதாகும். அடிப்பவர் ஒருவர். தீட்டுபவர் வேறொருவர், அவர் வேறு தெருவில், வேறு கூரையின் கீழ், தனித் தொழில் நடத்துபவர். பிடி செய்வது மற்றொரு குடும்பம். இவை எல்லாவற்றையும் ஏவி, வாங்கி, பரிசோதித்து, பிடி பூட்டி, பெயர் பொறித்து விற்பவர் ‘தொன்யா’ என்ற மொத்த வணிகர்.

அடிப்பவரின் இடம் இருட்டாக இருந்தது. சிக்கனத்துக்காக அல்ல. இரும்பின் சூட்டை அவர் நிறத்தைக் கொண்டு கணிக்கிறார். வெளிச்சம் அதிகமானால் நிறம் பொய் சொல்லும். மெல்லிரும்புத் துண்டின் மேல் வெண்காரமும் இரும்புத்தூளும் கலந்த பொடியைத் தூவி, அதன் மேல் உருக்குத் துண்டை வைத்து, உலையில் காய்ச்சி அடித்து இரண்டையும் ஒன்றாக்குகிறார். வெட்டுவது உருக்கு. அது வெடித்துப் போகாமல் தாங்குவதும், தீட்டுபவனின் கையை வருத்தாமல் இடங்கொடுப்பதும் மெல்லிரும்பு. பின்னர் அலகுக்கு மண்குழம்பு பூசி உலர்த்தி, 800 பாகை செல்சியசை அண்டிய சூட்டில் எடுத்துத் தண்ணீரில் தோய்ப்பார்கள். அந்தச் சில நொடிகளில் பிழைத்தால் முன்னர் செய்த வேலை முழுவதும் வீண்.

ஆனால் அவரது கையிலிருந்து வெளியேறும் பொருளைக் கண்டால் யாரும் அதைக் கத்தி என்று சொல்லமாட்டார்கள். கருகிய தகடு ஒன்று; அதனால் வாழைத்தண்டையும் அறுக்க இயலாது. அதைக் கத்தியாக்குபவர் தீட்டுபவரே. நீரில் சுழலும் பெரிய சாணைச் சில்லின் முன் அமர்ந்து, அலகை ஒரு மரப்பிடிக்குள் பொருத்தி, உடலின் பாரம் முழுவதையும் அதன் மேல் சாய்த்துத் தேய்க்கிறார். சுவர், ஏப்ரன், புருவம் எல்லாவற்றிலும் சாம்பல்நிறச் சேறு. இடையிடையே அலகைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து, நெளிவு தெரிந்தால் சிறு சுத்தியலால் தட்டி நேராக்கிவிட்டு மீண்டும் தேய்க்கிறார். கத்தியின் வளைவு, பின்பக்கக் குழிவு, மெல்லிரும்பின் மேல் பனி படர்ந்தது போன்ற மங்கல், அதன் ஓரத்தில் உருக்கின் பளபளப்பு ஆகிய அனைத்தும் இவரது வேலை.

பிடி பூட்டுவதைப் பார்க்கச் சிரிப்பு வரும். அலகின் வாலைச் சூடாக்கிப் பிடியின் துளைக்குள் செருகுகிறார்கள். பிறகு கத்தியைத் தலைகீழாகத் தொங்கப் பிடித்துக்கொண்டு பிடியின் அடிப்பக்கத்தில் மரச்சுத்தியலால் அடிக்கிறார்கள். அலகு கீழே விழுமென்று நாம் பதறுகிறோம். அது ஒவ்வோர் அடிக்கும் பிடிக்குள் மேலேறுகிறது.

இந்த வேலைப் பிரிவினை எப்படி வந்தது என்று தேடிப்போனால் புகையிலையில் முடிகிறது. 1543ஆம் ஆண்டு தனேகஷிமாத் தீவில் வந்திறங்கிய போர்த்துக்கேயரால் யப்பானுக்குத் துப்பாக்கி கிடைத்தது. சக்காய் துப்பாக்கி செய்யும் ஊராகியது. அதே போர்த்துக்கேயர் வழியாகவே புகையிலையும் போய்ச் சேர்ந்தது. யப்பானியர் புகையிலையை மயிரிழை போல அரிந்து, சிறு குழலில் ஒரு சிட்டிகை வைத்துப் புகைத்தனர். அப்படி அரிய வேண்டுமானால் அதற்கேற்ற கத்தி வேண்டும். சக்காயின் புகையிலைக் கத்தி பெயர் பெற்றது. தோக்குகாவா ஆட்சி அதற்குத் தனி முத்திரையும் தந்து விற்பனை உரிமையையும் காத்தது. நமக்குக் ‘குசினி’ என்ற சொல்லைத் தந்து சென்றவர்களும் இதே போர்த்துக்கேயர்தாம். யாழ்ப்பாணத்திலும் புகையிலை செழித்தது. ஆனால் நாம் அதைச் சுருட்டாகச் சுற்றினோம், வெற்றிலையோடு மென்றோம். மயிரிழையாக அரியும் தேவை நமக்கு எழவில்லை. அப்படியொரு கத்தியும் எழவில்லை.

இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. இன்று யப்பானியச் சமையற் கத்தியை உலகெங்கும் விற்பவர்கள் எல்லோரும் சாமுராய்க் கதை சொல்லியே விற்கிறார்கள். வாள் செய்த கைகள் கத்தி செய்கின்றன என்பது விளம்பர வாசகம். முழுப் பொய்யென்று கூறமாட்டேன். செக்கி என்ற ஊர் உண்மையில் வாளுக்குப் பெயர் போனது. 1876ஆம் ஆண்டு வாள் தரிப்பது தடை செய்யப்பட்ட பின்னர் வாட்கொல்லர் பலர் வீட்டுக் கருவிகளுக்கு மாறியதும் வரலாறு. ஆனால் சக்காயின் கத்தி புகையிலை அரிந்து வளர்ந்தது. சன்ஜோ என்ற ஊரில் விவசாயிகள் உபதொழிலாக ஆணி அடித்தே கொல்லராயினர். எச்சிசென் பகுதியில் 14ஆம் நூற்றாண்டில் கியோட்டோவிலிருந்து ஒரு வாட்கொல்லர் வந்து குடியேறினார் என்று மரபுக்கதை உண்டு; ஆயினும் அந்த ஊரை வாழவைத்தது அவர் அயலிலுள்ள உழவர்களுக்கு அடித்துக் கொடுத்ததாகச் சொல்லப்படும் அரிவாளே. வாளின் கதைக்கு விலை அதிகம். ஆணிக்கும் அரிவாளுக்கும் யார் பணம் கொடுப்பார்?

உருக்கின் பெயர்களும் இப்படித்தான். ‘வெள்ளைக் கடதாசி’, ‘நீலக் கடதாசி’ என்ற இரு வகை உருக்குகளைப் பற்றிக் கத்திப் பிரியர்கள் மந்திரம் போல உச்சரிப்பார்கள். ஷிமானே மாகாணத்து யசுகியில் உருவாகும் உருக்குகள் அவை. ஆலையில் வகை பிரித்தறிவதற்காக ஒட்டிய கடதாசியின் நிறத்தைத் தவிர அந்தப் பெயர்களில் வேறு இரகசியம் எதுவுமில்லை. நீலத்தில் தங்குதனும் குரோமியமும் சேர்ந்திருக்கும். வெள்ளையில் அவை சேர்க்கப்படுவதில்லை.

சரி, பெயருக்கு வருவோம். சக்காயின் பழைய கொல்லர்களில் ஒருவரைப் பற்றிய கதையை எனது மருமகன் டிராம் வண்டியில் சொன்னார். தெபாக் கத்தியை 17ஆம் நூற்றாண்டில் முதலில் செய்தவருக்கு முன்பல் துருத்திக்கொண்டிருந்ததாம். துருத்திய பல்லுக்கு யப்பானிய மொழியில் ‘தெபா’. பல்லன் செய்த கத்தி பல்லுக் கத்தியாயிற்று. ஆளின் பெயர் போய்விட்டது, பல் மட்டும் நின்றுவிட்டது.

சமையற் கத்திக்கு யப்பானியர் வழங்கும் ‘ஹோச்சோ’ என்ற சொல்லோ நேர்மாறானது. சீன ஞானி சுவாங்சியின் நூலில் எருதைக் கூறுபோடும் சமையற்காரர் ஒருவர் வருகிறார். மூட்டுகளின் இடைவெளி அறிந்து வெட்டுவதால் 19 ஆண்டுகளாகத் தமது கத்தி மழுங்கவில்லை என்கிறார். அவரைக் குறித்த பெயரே யப்பானில் கத்திக்குப் பெயராகிவிட்டது. கத்தியைப் பயன்படுத்தியவனுக்குப் பெயர் நிலைத்திருக்கிறது. செய்தவனுக்கு இல்லை.

பெயரற்ற கைவினைஞரின் அழகை யப்பானில் உரத்துப் பேசியவர் யானகி சொயெட்சு. 1925ஆம் ஆண்டில் அவரும் நண்பர்களும் ‘மிங்கேய்’, அதாவது மக்கள் கைவினை, என்ற சொல்லை உருவாக்கினர். 1936இல் டோக்கியோவில் அதற்கென அருங்காட்சியகமும் திறந்தனர். கொழும்பில் பிறந்த நமது ஆனந்த குமாரசுவாமியும் 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில் கண்டிய கைவினைஞர்களைக் குறித்து இதே திசையில் சிந்தித்தவர். யானகியின் இயக்கத்துக்கு நேர்ந்ததில் ஒரு வேடிக்கை உண்டு. அவரது தோழர் ஷோஜி ஹமாடா 1955இல் அரசினால் ‘வாழும் தேசியச் செல்வம்’ எனப்படும் விருதுநிலைக்கு உயர்த்தப்பட்டார். பெயரற்றவர்களைப் புகழப் புறப்பட்டவர்கள் பெரும் பெயர்களாகினர். மற்றொரு தோழரான கவாய் கன்ஜிரோ அந்தக் கௌரவத்தை ஏற்க மறுத்துவிட்டார். எனக்கு அவரைப் பிடிக்கும்.

இப்போது நிலைமை மாறிவருகிறது. 2013இல் யப்பானிய உணவு மரபை யுனெஸ்கோ தனது பட்டியலில் சேர்த்தது; வெளிநாட்டுச் சமையற்காரர்களும் பொழுதுபோக்குக்குச் சமைப்பவர்களும் யப்பானியக் கத்தியைத் தேடத் தொடங்கினர். 2022ஆம் ஆண்டிலிருந்து யென் வீழ்ச்சியடைந்ததும் சுற்றுலாப் பயணிகளுக்கு அது இன்னும் வசதியாயிற்று. வாங்குபவர்கள் அடித்தவர் யார் என்று கேட்கிறார்கள். சில கொல்லர்களின் பெயருக்காக மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். இது நியாயமே என்று சொல்வேன். தலைமுறை தலைமுறையாகத் துண்டுக்கூலிக்கு வேலை செய்து, விலை நிர்ணயத்தில் வாய் திறக்க வழியில்லாமல் வணிகரை நம்பிக் கிடந்தவர்கள் அவர்கள். அவர்களது பிள்ளைகள் உலையை விட்டு அலுவலகங்களுக்குப் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் பெயர் கொல்லரோடு நின்றுவிடுகிறது. எனது குறை அங்கேதான். சுத்தியலும் தீப்பொறியும் படமெடுக்க அழகானவை. சேறு படிந்த சாணைச் சில்லு அழகில்லை. ஹோ மரத்தைக் கடைவதும் கொம்பைத் துளைப்பதும் அதைவிட அழகில்லை. பிடி செய்பவர்கள் ஒரு சிலரே எஞ்சியிருக்கிறார்கள், அவர்களுக்கும் வயதேறுகிறது. கியோட்டோவைச் சூழ்ந்த மலைகளில் இயற்கைத் தீட்டுக்கல் வெட்டிய சுரங்கங்கள் பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டன. எந்தப் பெரிய கொல்லரின் பெயராலும் ஒரு பிடியைக் கடைய இயலாது. தீட்டுபவர் இல்லாத நாளில் அவரிடம் எஞ்சுவது முன்னர் சொன்ன அந்தக் கருகிய தகடு.

இதை நான் வேறோர் இடத்தில் கண்டிருக்கிறேன். நான் தொழிலுக்கு வந்தபோது பத்திரிகை ஈய எழுத்தில் வந்துகொண்டிருந்தது. ஒரு முறை எனது கட்டுரை ஒன்றைக் கோத்துக்கொண்டிருந்த அச்சுக்கோப்பாளர், மைபிடித்த கையுடன் ஆசிரியபீடத்துக்குப் படியேறி வந்து, “தம்பி, இந்த வருசம் சரியோ? ஒருக்காப் பாரும்” என்றார். ஒரு தேர்தல் ஆண்டைப் பிழையாக எழுதியிருந்தேன். மறுநாள் கட்டுரை எனது பெயரோடு வெளிவந்தது. பாராட்டியவர்கள் என்னைப் பாராட்டினார்கள். கணினி வந்தபோது முதலில் போனவர்கள் அச்சுக்கோப்பாளர்கள். பின்னர் ஒப்புநோக்குநர்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. எங்கள் பெயர்கள் மட்டும் வரவரப் பெரிய எழுத்தில் வந்தன, கூடவே படமும். பத்திரிகைகளில் இன்று மலிந்திருக்கும் பிழைகளைப் பற்றி எனக்கு எழுதும் வாசகர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: படியேறி வர ஆளில்லை.

யப்பானியர் இதைச் சட்டத்திலேயே ஓரளவு உணர்ந்திருக்கிறார்கள் என்பது எனக்கு வியப்பளித்தது. மரபுவழிக் கைவினைத் தொழில்களுக்கான சட்டம் 1974இல் வந்தது. அதன்படி ஒரு பொருள் மரபுவழிக் கைவினையாக ஏற்கப்பட வேண்டுமானால், அது அன்றாட வாழ்வில் பயன்படுவதாக இருக்க வேண்டும். முக்கிய வேலை கையால் நடைபெற வேண்டும். நுட்பமும் மூலப்பொருளும் ஏறத்தாழ நூறாண்டு மரபுடையனவாக இருக்க வேண்டும். இவற்றோடு, அந்தப் பகுதியில் பத்துத் தொழிலகங்களோ முப்பது தொழிலாளர்களோ குறைந்தபட்சம் இருக்க வேண்டும் என்பது நடைமுறை. ஒரு தனி மேதை எவ்வளவு திறமையோடு செய்தாலும் அது இந்தக் கணக்கில் சேராது. ஊர் செய்ய வேண்டும். எச்சிசென் கத்தி 1979இலும் சக்காய்க் கத்தி 1982இலும் இவ்வாறு ஏற்கப்பட்டன.

எச்சிசென்னில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அச்சில் வெட்டி எடுக்கும் மலிவான துருப்பிடிக்காத கத்திகளின் வரவால் அங்கே கம்மாலைகள் தள்ளாடிக்கொண்டிருந்தன. 1980களின் தொடக்கத்தில் தக்கேபு நகரின் இளைய கொல்லர்கள் சிலர், கசுவோ கவசாக்கி என்ற வடிவமைப்பாளரோடு சேர்ந்து புதிய கத்திகளைச் செய்தனர். (2008ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தலில் சேரா பேலின் அணிந்து, உலகமே பேசிய மூக்குக்கண்ணாடியை வடிவமைத்தவரும் இவரே.) அவர்கள் 1993இல் ஒரே கூரையின் கீழ் கூட்டுக் கம்மாலையொன்றைத் திறந்தனர். ஒருவருக்கொருவர் போட்டியாளரானவர்கள் உலையையும் இயந்திரங்களையும் பகிர்ந்துகொண்டனர்; பார்வையாளர்களையும் உள்ளே விட்டனர். பார்க்க வந்த இளைஞர் சிலர் தொழில் பழக வந்துவிட்டனர்.

அந்தப் பகுதியில் சுமார் பத்துக் கிலோமீற்றர் வட்டத்துக்குள் அரக்குப் பூச்சு, கைக்கடதாசி, மரப்பேழை, மூக்குக்கண்ணாடிச் சட்டம் எனப் பல தொழில்கள் நெருங்கிக் கிடக்கின்றன. எச்சிசென் அரக்குப் பூசிய பிடியோடு இன்று கத்தி விற்பதை ஏதோ புதுமையென நினைக்க வேண்டாம். அந்தக் காலத்தில் அரக்குமரத்தில் பால் எடுப்பதற்காக நாடெங்கும் அலைந்த எச்சிசென் ஆட்களே ஊரின் அரிவாள்களையும் சுமந்து சென்று விற்றார்கள். அரக்கில்லாமல் அரிவாள் ஊரைத் தாண்டியிராது. 2015ஆம் ஆண்டு முதல் இந்தத் தொழிற்கூடங்கள் ஆண்டுதோறும் சில நாட்கள் கதவுகளைத் திறந்து, எல்லோரும் வந்து பார்க்க விழா நடத்துகின்றன. சக்காய்க்கும் இந்தத் திறந்த கதவு வேண்டும் என்பது எனது கருத்து. கொல்லரின் கதவு ஏற்கெனவே ஓரளவு திறந்துவிட்டது. நான் சொல்வது சாணைக்காரரின் கதவை, பிடி கடைபவரின் கதவை. இப்போது சில விற்பனையாளர்கள் அடித்தவர் பெயரோடு தீட்டியவர் பெயரையும் சேர்த்து வெளியிடுகிறார்கள். அங்கே கத்தி வாங்கப் போகும் நம்மவர்கள், இரண்டாவது பெயரையும் கேட்க வேண்டும். கேட்டால்தான் போடுவார்கள்.

எங்கள் கத்திக்கு என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். வெள்ளவத்தைக்கு வந்த கத்தி ஓராண்டு அலுமாரியில் கிடந்தது. பிறகு ஒரு ஞாயிறு, குளிர்சாதனப் பெட்டியில் கல்லாய் உறைந்திருந்த அறக்குளாத் தலையை என் மனைவி அதனால் பிளக்க, வாயில் மூன்று இடங்களில் பல் விழுந்துவிட்டது. இந்த உருக்கு மிகக் கடினமானது. கடினமானது எதுவும் உறைந்த எலும்பில் வளைந்து கொடுக்காது, சில்லாகத் தெறிக்கும். உறைந்த எதையும் வெட்டக் கூடாது என்று பெட்டிக்குள் இருந்த தாளில் எழுதியிருந்ததாம். யப்பானிய எழுத்தில்.

எங்கள் தெருவுக்குச் சைக்கிளில் சாணை பிடிக்க வரும் ஒருவர் இருக்கிறார், கிளிநொச்சிப் பக்கத்தவர். அவரிடம் கொடுத்தேன். அப்படியொரு கத்தியை அவர் முன்னர் கண்டதில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கக் குழிவை விரலால் தடவினார். “ஐயா, இதுக்கு ஒரு பக்கம்தான் வாய். இந்தச் சில்லில வைச்சா சூடேறிப் பழுதாப் போயிடும்” என்று சொல்லிவிட்டு, எங்கள் வீட்டுப் படியில் குந்தி, பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து, தண்ணீர் தெளித்துத் தெளித்து ஒன்றரை மணிநேரம் கையால் தேய்த்தார். பின்பக்கத்தைக் கல்லில் ஒரே ஒரு முறை படுக்கப் போட்டு இழுத்தார். சக்காயில் நான் பார்த்தவரும் இறுதியில் அப்படித்தான் செய்தார். வழமையான கூலிக்கு மேல் கொடுத்தேன். மறுத்து, பிறகு வாங்கிக்கொண்டார்.

அவரது பெயரைக் கேட்டேன். இப்படியொரு கட்டுரை எழுதும் எண்ணம் அப்போதே இருந்ததால் அதையும் சொன்னேன். பெயரைச் சொன்னார். “ஆனா போட்டிடாதேங்கோ ஐயா. பிறகு எல்லாரும் இப்பிடிக் கத்தியளைக் கொண்டு வந்திடுவினம். நாள் முழுக்க மினக்கெட ஏலாது” என்று சொல்லிச் சைக்கிளில் ஏறினார்.